புதிய சட்டம் வரட்டும் என்று காத்திருக்கலாமா? ஒரு சகோதரியின் கடிதத்துக்குப் பதில்

கேள்வி: ஐயா, எனக்கு ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். ஊர்ச்சண்டையில் நடந்த ஒரு கொலை வழக்கில் என் தம்பி 2012 மார்ச்சில் கைதாகி, ஒன்பது மாதம் கழித்து ஜாமீனில் வந்தான். 2015 ஆகஸ்டில் ஆயுள் தண்டனை விதித்தார்கள். அன்று முதல் பாளையங்கோட்டை மத்திய சிறையில் இருக்கிறான். மதுரைக் கிளையில் போட்ட அப்பீலும் தள்ளுபடியாகிவிட்டது. இப்போது மாநில அரசு தண்டனைச் சட்டங்களைத் திருத்தப் போகிறது, பத்து வருடம் முடித்தவர்களை விட்டுவிடுவார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். பட்டியலில் பெயர் சேர்க்க ஒரு தொகை கொடுத்தால் ஏற்பாடு செய்வதாக எங்கள் பகுதி அண்ணாச்சி ஒருவர் சொல்கிறார். அதே நேரத்தில், கொலைக்குத் தண்டனையைக் கடுமையாக்கிச் சட்டம் போட வேண்டும் என்று எங்கள் ஊர்ச் சங்கம் கையெழுத்து வாங்குகிறது. நான் கையெழுத்துப் போட்டால் தம்பிக்குப் பாதகமாகுமா? இன்னொன்று: என் அக்கா மகனுக்கு இருபது வயது. ஆனித் தேரோட்டத்தின்போது பைக் திருடியதாக வழக்கு. உள்ளே போய் ஐந்து மாதமாகிறது. ஆகஸ்டிலேயே ஜாமீன் உத்தரவு வந்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே கிடக்கிறான். அக்கா பீடி சுற்றுகிறவள், குடியிருப்பது புறம்போக்கு நிலத்தில். புதிய சட்டத்தால் அவனுக்காவது விடிவு உண்டா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

முதலில், அந்த அண்ணாச்சியிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். முன்விடுதலைக்குத் தகுதியானவர்களின் விவரங்களைச் சிறை நிர்வாகம் தன் பதிவேடுகளிலிருந்துதான் எடுக்கிறது. வெளியிலிருந்து ஒருவர் பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ அதில் இடமில்லை. பாளையங்கோட்டை நீதிமன்றங்களில் குற்றவியல் வழக்குகளை நடத்திவரும் எனக்கு, தம்பிக்காகவும் மகனுக்காகவும் தாலிக்கொடியை அடகு வைத்து இப்படிப்பட்டவர்களிடம் பணத்தை இழந்த பெண்களைத் தெரியும். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றிய கவலை அதுதான்.

இனி, சட்டம் வருகிறது என்ற பேச்சில் எவ்வளவு உண்மை என்று பார்ப்போம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் ஆகிய மூன்றுக்கும் பதிலாக மத்திய அரசின் மூன்று புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் தமிழ்நாட்டுக்கெனச் செய்ய வேண்டிய திருத்தங்களைப் பரிந்துரைக்க, ஓய்வுபெற்ற நீதிபதி எம்.சத்தியநாராயணன் தலைமையில் ஒருநபர் குழுவை மாநில அரசு அதே மாதத்தில் அமைத்தது. 2025 ஜனவரியில், பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் திருத்தச் சட்டமுன்வடிவும், 1998-ஆம் ஆண்டின் பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டத்துக்கான திருத்தமும் சட்டமன்றத்தில் நிறைவேறின. பாலியல் வன்கொடுமைக்குப் பத்து ஆண்டாக இருந்த குறைந்தபட்சத் தண்டனையைப் பதினான்கு ஆண்டாக்குவது அவற்றின் முக்கியமான அம்சங்களில் ஒன்று. உங்கள் தம்பியைப் போன்ற ஆயுள் கைதிகளின் விடுதலைக்கும் இவற்றுக்கும் தொடர்பே இல்லை.

பிறகு இந்தப் பத்து வருடக் கணக்கு எங்கிருந்து வந்தது? எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி 2018-இல் பிறப்பிக்கப்பட்ட அரசாணையில், பத்து ஆண்டுகள் சிறைவாசம் முடித்த ஆயுள் கைதிகளைச் சில நிபந்தனைகளோடு விடுவிக்க வழி செய்யப்பட்டது. 2021-இல் அண்ணா பிறந்தநாளையொட்டி 700 ஆயுள் கைதிகளை முன்கூட்டியே விடுவிப்பதாக அறிவிப்பு வந்தது. இவை சட்டமன்றம் இயற்றிய சட்டங்கள் அல்ல. அரசமைப்பின் 161-ஆவது பிரிவு தரும் தண்டனைக் குறைப்பு அதிகாரத்தை, அமைச்சரவையின் முடிவின்பேரில் ஒருமுறை பயன்படுத்திப் பிறப்பித்த ஆணைகள். அடுத்த ஆணை எப்போது வரும், அதில் எந்தக் குற்றங்கள் விலக்கப்படும் என்பதை அது வெளிவரும் வரை எவராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியும் என்பவரை நம்பாதீர்கள்.

மாநில அரசு நினைத்தால் கொலைக்கான தண்டனையை மாற்றிவிட முடியுமா என்றும் நீங்கள் யோசிக்கக்கூடும். குற்றவியல் சட்டமும் நடைமுறையும், மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் இருப்பதால் மாநிலச் சட்டமன்றத்துக்கு அதில் அதிகாரம் உண்டு. ஆனால் மத்தியச் சட்டத்துக்கு முரணான திருத்தம் செல்லுபடியாக வேண்டுமானால், அரசமைப்பின் 254(2) பிரிவின்படி அது குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும். உத்தரப் பிரதேசம் 1976-இல் முன்ஜாமீனையே தன் மாநிலத்தில் இல்லாமல் ஆக்கி, 2019-இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தது இந்த வழியில்தான். பேரவையில் குரல் வாக்கெடுப்பில் ஒரே நாளில் நிறைவேறும் சட்டமுன்வடிவு ஆளுநர் மாளிகையிலும் டெல்லியிலும் எத்தனை மாதம் காத்திருக்கும் என்பதற்கு அளவில்லை. ஆளுநருக்கோ குடியரசுத் தலைவருக்கோ நீதிமன்றம் காலக்கெடு விதிக்க இயலாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2025 நவம்பரில் கருத்துத் தெரிவித்துவிட்டது. ஆகவே, பேரவையில் ஒன்று நிறைவேறியது என்ற செய்தியை வைத்துக் குடும்பத்தின் திட்டங்களை வகுக்காதீர்கள்.

கையெழுத்துப் பற்றிய அச்சத்துக்கு விடை எளிது. குற்றம் நடந்த நாளில் சட்டம் எவ்வளவு தண்டனை விதிக்க அனுமதித்ததோ, அதற்கு மேல் எவருக்கும் தண்டனை விதிக்க முடியாது என்று அரசமைப்பின் 20(1) பிரிவு கூறுகிறது. உங்கள் தம்பியின் வழக்கு 2012-ஆம் ஆண்டின் குற்றம். அதற்கு இன்றும் பழைய இந்திய தண்டனைச் சட்டமே பொருந்தும். நாளை எவ்வளவு கடுமையான சட்டம் வந்தாலும் அது அவரைத் தொடாது. மறுபுறம், தண்டனையைக் குறைக்கும் சட்டம் வந்தால், முடிவாகாத வழக்குகளில் அதன் பயனைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தரலாம் என்று 1964-இல் ரத்தன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. ஆனால் மேல்முறையீடும் முடிந்துபோன தீர்ப்பைத் தண்டனைக் குறைப்பு தானாகத் திறந்துவிடாது. அந்தச் சட்டமே வெளிப்படையாக அப்படிச் சொல்லியிருக்க வேண்டும்.

கையெழுத்துப் போடலாமா என்பது உங்கள் மனசாட்சியைப் பொறுத்தது. ஆனால் நீங்கள் கேட்டதால் என் கருத்தையும் சொல்லியாக வேண்டும்.

உங்கள் ஊர்க்காரர்களின் பயத்தை நான் மதிக்கிறேன். 2024 டிசம்பர் 20 அன்று, நாங்கள் தினமும் நுழையும் பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தின் வாசலிலேயே, பட்டப்பகலில் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். காவலர்களும் வழக்கறிஞர்களும் வழக்காடிகளும் நடமாடும் இடம் அது. உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதை விசாரித்தது. அந்தச் சம்பவத்தை வைத்தே யோசித்துப் பாருங்கள். கொலைக்குத் தண்டனை மரணம் அல்லது ஆயுள் என்று இந்த நாட்டுச் சட்டம் நூற்றறுபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிவருகிறது. அதற்கு மேலே போக இடமே இல்லை. நீதிமன்ற வாசலில் அரிவாளோடு நின்றவர்களை அந்தத் தண்டனை தடுக்கவில்லை. பழிக்குப் பழி என்று கிளம்புகிறவர், சாட்சி சொல்ல எவரும் வரமாட்டார், வந்தாலும் பிறழ்ந்துவிடுவார் என்ற தெம்பில் கிளம்புகிறார். நம் மாவட்டத்துக் கொலை வழக்குகள் பலவற்றில், சம்பவத்தை நேரில் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் கூண்டில் ஏறி "எனக்கு எதுவும் தெரியாது" என்று தலையைக் குனிந்துகொள்ளும் அந்த நிமிடத்தில்தான் வழக்கு உடைகிறது. சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. புதிய நடைமுறைச் சட்டத்தின் 398-ஆவது பிரிவு ஒவ்வொரு மாநிலமும் அப்படியொரு திட்டத்தை வகுத்து அறிவிக்க வேண்டும் என்கிறது. உங்கள் சங்கம் அரசிடம் ஒன்றைக் கேட்பதானால், ஊர் மந்தையில் பயமில்லாமல் நடமாடும்படி ஒரு சாட்சிக்குப் பாதுகாப்புக் கொடுங்கள் என்று கேட்கட்டும். அதற்கு டெல்லியின் ஒப்புதல் வேண்டியதில்லை.

குறைந்தபட்சத் தண்டனையைக் கூட்டிக்கொண்டே போவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. குற்றத்தின் அளவுக்குத் தக்கபடி தண்டனையைத் தீர்மானிக்கும் இடத்தை அது நீதிபதியிடமிருந்து பறிக்கிறது. அதே வேளையில், நீதிபதிக்கு முழுச் சுதந்திரம் இருக்கும் வழக்குகளிலும் அந்தத் தீர்மானம் எப்படி எடுக்கப்படுகிறது என்று பார்த்தால் வருத்தமே மிஞ்சும். குற்றவாளி என்று தீர்மானித்த பிறகு, தண்டனையின் அளவு குறித்து அவரைத் தனியாகக் கேட்க வேண்டும் என்பது சட்டம். பழைய சட்டத்தில் 235(2), புதியதில் 258(2). நடைமுறையில், தீர்ப்பின் முடிவை வாசித்த கையோடு "தண்டனை பற்றி என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். கூண்டில் நிற்பவருக்கு அப்போது காதே அடைத்திருக்கும். "வயசான அம்மா இருக்காங்க, பிள்ளைங்க சின்னதுங்க, குறைச்சுக் குடுங்க" என்பார். சுருக்கெழுத்தர் அதை ஒரு வரியில் எழுதிக்கொள்வார். அரை மணி நேரத்துக்குள் ஐந்தா, ஏழா, பத்தா என்பது முடிவாகிவிடும். அவர் எப்படிப்பட்டவர், அதற்கு முன் என்ன வேலை செய்தார், திருந்த வழி உண்டா, கொல்லப்பட்டவரின் அல்லது காயம்பட்டவரின் குடும்பம் என்ன நிலையில் இருக்கிறது என்பதைப் பற்றி ஒரு தாள்கூட நீதிபதியின் மேசையில் இருக்காது.

இது புதிய நோய் அல்ல. 1908-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை கைதாகி இதே பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டபோது, செஷன்ஸ் நீதிபதி பின்ஹே அவருக்கு இரண்டு ஆயுள் தண்டனைகளை, அன்றைய கணக்கில் நாற்பது ஆண்டு, விதித்தார். மேல்முறையீடுகளில் அது ஆறு ஆண்டாகச் சுருங்கியது. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தார். மனிதரும் அவரே, பேச்சும் அதே பேச்சுதான். யார் தண்டிக்கிறார் என்பதைப் பொறுத்து நாற்பது ஆண்டு ஆறு ஆண்டானது. அன்னிய ஆட்சியின் அரசியல் வழக்கு அது என்பது உண்மைதான். ஆனால் தண்டனை அளவுக்கென்று எழுதிவைத்த நெறிமுறை இல்லாத நிலை இன்றும் நீடிக்கிறது. நெறிமுறைகளை வகுக்க ஒரு குழு வேண்டும் என்று, குற்றவியல் நீதிமுறைச் சீர்திருத்தத்தை ஆராய்ந்த நீதிபதி மளிமத் குழு 2003-லேயே பரிந்துரைத்தது. பிறகு 2022 மே மாதத்தில் மனோஜ் வழக்கில், மரண தண்டனை கோரப்படும் வழக்குகளில் குற்றவாளியின் குடும்பப் பின்னணி, சிறை நடத்தை, மனநிலை ஆகியவை பற்றிய அறிக்கைகளைப் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உயிர் போகும் வழக்கில் தேவைப்படும் அறிக்கை, ஒருவரின் இளமை முழுவதையும் எடுத்துக்கொள்ளும் வழக்கில் மட்டும் எப்படித் தேவையற்றுப் போகும்? மாநில அரசு சட்டம் இயற்ற விரும்பினால் இதை எல்லாக் கடுங்குற்ற வழக்குகளுக்கும் விரிக்கட்டும். தாலுகாதோறும் நன்னடத்தை அலுவலர்களை நியமிக்கட்டும். அப்படியொரு மனுவோடு உங்கள் சங்கம் வந்தால் நானும் கையெழுத்திடுவேன்.

சிறை மாநிலப் பட்டியலில் உள்ள பொருள் என்பதையும் உங்கள் சங்கத்துக்குச் சொல்லுங்கள். சிறைக்குள் மாற்றம் கொண்டுவர மாநில அரசு யாருடைய ஒப்புதலுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. பாளையங்கோட்டைச் சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து அடைப்பதை எதிர்த்து முன்பு ஒரு வழக்கு நடந்தது. மோதலைத் தவிர்க்கவே அப்படிச் செய்கிறோம் என்ற விளக்கத்தை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2024 அக்டோபர் 3 அன்று, நாட்டின் சிறை விதிகளில் உள்ள சாதிப் பாகுபாடுகளைச் செல்லாது என்று அறிவித்த தீர்ப்பில், உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. சாதிச் சண்டையால் சிறைக்குப் போகிறவரை உள்ளேயும் சாதிக்காரர்களோடு மட்டுமே பத்துப் பதினைந்து ஆண்டு வைத்திருந்தால், அவர் வெளியே வரும்போது எந்த மனத்தோடு வருவார் என்பதை நம் மாவட்டத்தைவிட வேறு யார் நன்றாக அறிவார்கள்? கடுமையான சட்டம் கேட்கிறவர்கள் இதையும் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது உங்கள் தம்பிக்கு வருவோம். ஆயுள் தண்டனை என்றால் பதினான்கு ஆண்டு என்று ஊரில் நினைக்கிறார்கள். அது தவறு. ஆயுள் என்றால் வாழ்நாள் முழுவதும் என்று 1961-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. பதினான்கு என்பது வேறொரு கணக்கு. மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்தில் ஆயுள் பெற்றவரை, பதினான்கு ஆண்டு உண்மையான சிறைவாசம் முடியாமல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் விடுவிக்க முடியாது. பழைய 433-ஏ, இப்போதைய 475-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. நன்னடத்தைக்காகச் சிறையில் கிடைக்கும் தண்டனைக் கழிவு இந்தப் பதினான்கில் சேராது. ஆனால் தீர்ப்புக்கு முன் விசாரணைக் கைதியாக இருந்த காலம் சேரும். விசாரணைக் காலத்தைக் கழித்துக்கொள்ளும் இந்த உரிமை ஆயுள் கைதிகளுக்கும் உண்டு என்று 1985-இல் பகீரத் வழக்கில் அரசமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது.

ஆகவே கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2015 ஆகஸ்டிலிருந்து பதினான்கு ஆண்டு என்றால் 2029 ஆகஸ்ட். 2012-இல் அவர் உள்ளே இருந்த ஒன்பது மாதத்தைக் கழித்தால் 2028 நவம்பர். இடையில் விடுப்பில் வீட்டுக்கு வந்திருந்தால், தமிழ்நாட்டு விதிகளின்படி அந்த நாள்களில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டதாகவே பொருள் என்பதால், அவற்றை மீண்டும் கூட்ட வேண்டும். 2023 ஜனவரியில் கோவா வழக்கு ஒன்றிலும் உச்ச நீதிமன்றம், வெளியே இருந்த காலத்தைப் பதினான்கு ஆண்டுக் கணக்கில் சேர்க்க மறுத்தது. விடுப்பெல்லாம் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தால் 2029 பிப்ரவரி என்று வரும். அடுத்த முறை மனுப் போட்டுத் தம்பியைப் பார்க்கும்போது, அவருடைய நாமினல் ரோலின் நகலைப் பெற விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கைதான நாள், ரிமாண்டில் இருந்த நாள்கள், விடுப்புகள், சிறைக்குள் பெற்ற தண்டனைகள் எல்லாம் அதில் இருக்கும். அந்த ஒன்பது மாதம் அதில் விடுபட்டிருந்தால் இப்போதே திருத்தக் கோர வேண்டும். வழக்கு நடந்த நீதிமன்றத்திலிருந்து ரிமாண்டு விவரங்களின் சான்றிட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2028-இல் போய்ப் பழைய கட்டுகளைத் தேடுவது கடினம்.

161-ஆவது பிரிவின் அதிகாரத்துக்கு இந்தப் பதினான்கு ஆண்டு வரம்பு கிடையாது. எனவே இடையில் ஏதேனும் அரசாணை வந்தால் அதன் நிபந்தனைகளுக்குள் அவர் வருகிறாரா என்று பார்க்கலாம். அதற்கும் பணம் எதுவும் தேவையில்லை. அரசுக்கு முன்விடுதலைக் கொள்கை இருக்குமானால், கைதி விண்ணப்பிக்காவிட்டாலும் தகுதியுள்ள ஒவ்வொருவரையும் அரசே பரிசீலிக்க வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. தண்டனை பெற்ற நாளில் நடைமுறையில் இருந்த கொள்கை அவருக்குப் பொருந்தும். பின்னால் வந்தது அதைவிடத் தாராளமாக இருந்தால் அதன் பலனும் உண்டு.

அந்தப் பரிசீலனையில் காவல்துறையும் நன்னடத்தை அலுவலரும் தரும் அறிக்கைகள்தான் எடை மிகுந்தவை. நம் பக்கத்தில் அவற்றின் முதல் கேள்வி, இவர் ஊர் திரும்பினால் மறுபடியும் மோதல் வருமா என்பது. எனவே இன்றிலிருந்தே உங்கள் குடும்பம் கவனமாக இருக்க வேண்டும். இறந்தவரின் வீட்டாரை வம்புக்கு இழுப்பதோ, கல்யாண வீட்டிலோ கொடை விழாவிலோ உங்கள் பக்கத்து இளைஞர்கள் மீசையை முறுக்குவதோ கூடாது. அவர்கள் இழந்தது ஒரு உயிர். உங்கள் தம்பியின் விடுதலையில் அவர்களுக்கும் பேச உரிமை உண்டு. முறைதவறி வாங்கும் விடுதலை நிலைக்காது என்பதற்கும் எடுத்துக்காட்டு இருக்கிறது. குஜராத்தில் பில்கிஸ் பானு வழக்கில் கொடுக்கப்பட்ட தண்டனைக் குறைப்பை 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, வெளியே வந்தவர்களைத் திரும்பச் சிறைக்கு அனுப்பியது.

கடைசியாக உங்கள் அக்கா மகன். உங்கள் கடிதத்தில் அவனைப் பற்றி நான்கைந்து வரிதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உடனே ஓட வேண்டிய வேலை அவனுடையது. நீதிமன்றம் விடுதலை செய்யச் சொன்ன பிறகும் ஒரு பையன் நான்கு மாதம் உள்ளே இருப்பதைப் படித்தபோது என் மனம் கொதித்தது. இந்தியச் சிறைகளில் 2022 இறுதியில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அவர்களில் எத்தனையோ பேர் உங்கள் வீட்டுப் பிள்ளையைப் போல வீட்டுவரி ரசீது இல்லாத குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். அவன் தாய் பீடி சுற்றுகிறவர், குடியிருப்பது புறம்போக்கு நிலத்தில் என்று எழுதியிருக்கிறீர்கள். இரத்த உறவினர் ஒருவர் உட்பட இரண்டு ஜாமீன்தாரர்கள், தலா பத்தாயிரம் ரூபாய், சொத்துக்கான சான்று என்ற நிபந்தனையை அவரால் எப்படி நிறைவேற்ற முடியும்?

இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. 1978-லேயே மோத்திராம் என்ற கொத்தனாரின் வழக்கில், ஏழைக்கு எட்டாத பத்தாயிரம் ரூபாய் ஜாமீனை நீதிபதி கிருஷ்ணய்யர் மாற்றி, ஆயிரம் ரூபாய்க்கான சொந்தப் பிணையில் விடுவித்தார். ஜாமீன் உத்தரவு வந்து ஏழு நாளில் கைதி வெளியே போகவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும், ஆணைக்குழு குடும்பத்தின் பொருளாதார நிலை பற்றி அறிக்கை தயாரித்து நிபந்தனையைத் தளர்த்தக் கோரலாம், ஒரு மாதமாகியும் பிணை தரப்படாவிட்டால் நீதிமன்றமே அதைத் தானாக எடுத்துப் பார்க்கலாம் என்று 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. ஏழைக் கைதிகளுக்கு உதவ மத்திய அரசு 2023-இல் கொண்டுவந்த திட்டத்தின் தொடக்க நெறிமுறைகள், விசாரணைக் கைதியின் ஜாமீனுக்காக 40,000 ரூபாய் வரை தர வழி செய்தன. அதையும் ஆணைக்குழு அலுவலகத்திலேயே கேளுங்கள்.

ஜாமீன் நிபந்தனையைத் தளர்த்த முடியாமல் போனாலும் இன்னொரு வழி இருக்கிறது. புதிய நடைமுறைச் சட்டத்தின் 479-ஆவது பிரிவின்படி, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகக் கழித்துவிட்டால் அவரைப் பிணையில் விட வேண்டும். முதல் தகவல் அறிக்கையில் புதிய தண்டனைச் சட்டத்தின் திருட்டுக்கான 303(2) பிரிவு மட்டும் இருந்தால் அதிகபட்சம் மூன்று ஆண்டு. அப்படியானால் ஒரு வருடத்தில் அவனுக்கு அந்த உரிமை வரும். 305-ஆவது பிரிவும் சேர்க்கப்பட்டிருந்தால் அதிகபட்சம் ஏழாகிவிடும், காத்திருப்பு இரண்டு வருடம் நான்கு மாதமாகும். வேறு வழக்குகளில் பி.டி. வாரண்ட் (சிறையில் இருப்பவரை இன்னொரு வழக்குக்காக நீதிமன்றத்துக்குக் கொண்டுவரும் ஆணை) போட்டு அவனைச் சேர்த்திருக்கிறார்களா என்பதையும் கட்டாயம் விசாரியுங்கள், ஏனென்றால் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது. திருட்டுப் பொருளின் மதிப்பு ஐயாயிரத்துக்குக் கீழே இருந்து அதைத் திருப்பியும் கொடுத்துவிட்டால், முதல்முறை குற்றவாளிக்குச் சமூக சேவையே தண்டனை என்று புதிய சட்டம் சொல்கிறது. பைக்குக்கு அது பொருந்துவது அரிது.

வயது விஷயத்தில் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, இருபத்தொரு வயது நிறையாதவரை, ஆயுள் தண்டனைக்குரியதல்லாத குற்றத்துக்காகச் சிறைக்கு அனுப்பக் கூடாது, அனுப்புவதானால் காரணத்தை எழுத வேண்டும் என்கிறது. இந்த வயது குற்றம் நடந்த நாளில் பார்க்கப்படுவதில்லை, விசாரணை நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் நாளில் பார்க்கப்படுகிறது என்று 1960-களின் தொடக்கத்திலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கு இழுத்துக்கொண்டே போய் அவனுக்கு இருபத்தொன்று நிறைந்துவிட்டால் இந்தக் கட்டாயப் பாதுகாப்பு கைநழுவும். 4-ஆவது பிரிவின் கீழ் நன்னடத்தைப் பிணையில் விடுவிப்பது அதன் பிறகு நீதிபதியின் விருப்பத்தைப் பொறுத்ததாகிவிடும். அவன் உண்மையில் குற்றம் செய்யவில்லை என்றால் வழக்கை நடத்தி விடுதலை வாங்க வேண்டும். செய்திருந்தால், அதை ஒப்புக்கொண்டு நன்னடத்தைச் சட்டத்தின் பயனைக் கேட்பது பற்றி அவனும் அவன் தாயும் வழக்கறிஞரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். அந்தச் சட்டத்தின்படி விடுவிக்கப்பட்டவருக்கு, குற்றத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு எதுவும் வராது என்று 12-ஆவது பிரிவு சொல்கிறது. நாளை வேலைக்குப் போகும் பையனுக்கு அது பெரிய பாதுகாப்பு.

திங்கட்கிழமை காலையில் அக்காவை அழைத்துக்கொண்டு திருநெல்வேலி ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். ஜாமீன் உத்தரவின் நகல், முதல் தகவல் அறிக்கை, பையனின் பிறப்புச் சான்றிதழ் அல்லது பள்ளி மாற்றுச் சான்றிதழ், அக்காவின் குடும்ப அட்டை, பீடித் தொழிலாளர் அடையாள அட்டை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். ஜாமீன் நிபந்தனையைத் தளர்த்தும் மனுவை அன்றே எழுதித் தரும்படி கேளுங்கள். பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்பது சட்டம். போவதற்கு முன் விவரம் வேண்டுமானால் 15100 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம். நாமினல் ரோல் கைக்கு வந்ததும் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். தம்பியின் நாள் கணக்கை வரி வரியாகச் சரிபார்த்து எழுதுகிறேன்.